தங்க நானோத் துகளில் நோயறியும் பட்டை செய்ய வருபவர்களுக்கு: பினாங்கிலிருந்து ஒரு வழிகாட்டி

பினாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முதுகலை அல்லது முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். மேற்பார்வையாளர், "கோல்டு நானோ வைத்து ஒரு ரேப்பிட் டெஸ்ட் செய்து பாருங்கள்" என்று சொல்லிவிட்டார். இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். கர்ப்பம் பார்க்கும் பட்டையிலும், டெங்கிக் காய்ச்சலுக்குக் கிளினிக்கில் வைத்துப் பார்க்கும் பட்டையிலும் தோன்றும் சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்கம்தான். அதைச் செய்யும் முறை எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. எதை எப்போது தொடங்க வேண்டும், எங்கே பணம் போகும், எந்தத் தாள் இல்லாமல் வேலை நின்றுபோகும் என்பதை மட்டும் யாரும் எழுதி வைப்பதில்லை. நான் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் தங்கம் செய்வதுதான் மிக எளிது, மிக மலிவு. காலத்தையும் பணத்தையும் விழுங்குபவை நெறிமுறை ஒப்புதல், ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருள்), ஈரப்பதம் ஆகிய மூன்றும். புதிதாக வருபவர்கள் தங்கத்தைக் காய்ச்சிப் பார்ப்பதில் பல மாதங்களைச் செலவிட்டுவிட்டு, இந்த மூன்றையும் பிறகு பார்க்கலாம் என்று விடுகிறார்கள். வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள்.

1. என்ன தேடுகிறீர்கள், எதில் தேடுகிறீர்கள்

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எந்த நோய், எந்தப் புரதம், எந்த மாதிரி (முழு இரத்தமா, சீரமா, சிறுநீரா), நோயின் எந்த நாளில், பட்டையை யார் பயன்படுத்துவார் என்று எழுதுங்கள். டெங்கி என்எஸ்1 புரதத்தைத் தேடுகிறீர்கள் என்றால் காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாள் மாதிரி வேண்டும். ஐஜிஎம் ஆன்டிபாடியைத் தேடினால் அதற்குப் பிந்தைய நாட்களின் மாதிரி வேண்டும். இதை முடிவு செய்யாமல் மருத்துவமனையிடம் மாதிரி கேட்க முடியாது. நெறிமுறைக் குழு கேட்கும் முதல் கேள்வியும் இதுதான்.

உள்ளூர் முன்மாதிரியாக யூஎஸ்எம் எனப்படும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் இன்ஃபார்ம் என்னும் மூலக்கூறு மருத்துவ ஆய்வு நிலையத்தில் உருவான புருஜியா ரேப்பிட் பட்டையைப் பற்றிப் படித்துப் பாருங்கள். யானைக்கால் நோய்க்கான ஒரே ஒரு மறுசேர்க்கைப் புரதம் (மரபணு முறையில் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியது), அதனோடு ஐஜிஜி4 என்னும் ஆன்டிபாடி வகையைப் பிடிக்கும் தங்கத் துகள். கேள்வி அவ்வளவு குறுகலாக இருந்ததால்தான் அது ஆய்வுக்கூடத்தைத் தாண்டி வெளியே வந்தது என்பது என் கருத்து.

2. நெறிமுறை ஒப்புதல்: முதல் வாரமே தொடங்குங்கள்

மனித இரத்தத்தின் ஒரு சொட்டைத் தொடுவதாக இருந்தாலும் ஒப்புதல் வேண்டும். யூஎஸ்எம் மாணவர் என்றால் ஜெப்பெம் என்னும் மனித ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். மாதிரி பினாங்கு மருத்துவமனை போன்ற சுகாதார அமைச்சின் மருத்துவமனையிலிருந்து வருகிறது என்றால், அல்லது அமைச்சின் ஊழியர் ஒருவர் ஆய்வில் இருந்தால், என்எம்ஆர்ஆர் என்னும் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டுத் தளத்தில் ஆய்வைப் பதிந்து, அமைச்சின் எம்ஆர்இசி என்னும் மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் பெற வேண்டும். பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் ஒன்றே போதும் என்று நினைத்து மருத்துவமனைக்குப் போனால் வாசலிலேயே திரும்ப வேண்டியிருக்கும். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அதன் சொந்தக் குழு உண்டு.

கையில் இருக்க வேண்டியவை: ஆய்வுத் திட்டம், மாதிரி எண்ணிக்கைக் கணக்கு, தகவல் தாளும் ஒப்புதல் படிவமும், தரவு குறிக்கும் படிவம், எல்லா ஆய்வாளர்களின் தன்விவரம், துறைத் தலைவரும் நிறுவனத் தலைவரும் கையெழுத்திட்ட ஒப்புகைப் படிவம். கடைசியாகச் சொன்னதுதான் காலத்தைத் தின்னும். கையெழுத்திட வேண்டியவர் மாநாட்டுக்குப் போயிருப்பார், விடுப்பில் இருப்பார். ஆய்வுத் திட்டம் முழுமையாகும்வரை காத்திருக்காமல், யார் யார் கையெழுத்திட வேண்டும் என்ற பட்டியலை முதலில் எடுத்து, அவர்களின் செயலாளர்களிடம் பேசி வையுங்கள்.

பலரும் சிக்கும் இடங்கள் மூன்று. ஒவ்வொரு ஆவணத்தின் அடியிலும் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் எழுதிய எண்ணும் இதுவும் ஒத்துப்போகவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடுத்து, பரிசோதனைக்குப் பிறகு மிஞ்சிய சீரத்தைத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் நோயாளியின் தனி ஒப்புதலிலிருந்து விலக்கு கேட்கலாம். ஆனால் கேட்டால்தான் குழு பரிசீலிக்கும், தானாகத் தராது. மூன்றாவது, தமிழ் ஒப்புதல் படிவம். மலாயும் ஆங்கிலமும் மட்டும் வைத்து விண்ணப்பித்துவிட்டு, பிறகு தமிழ்ப் படிவத்தைச் சேர்த்தால் அது திருத்த விண்ணப்பமாகி மறுபடி வரிசையில் நிற்கும். தோட்டப்புறங்களிலிருந்து வரும் வயதான நோயாளிகளில் தமிழ் மட்டுமே படிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தன் இரத்தம் எதற்குப் போகிறது என்பதைத் தன் மொழியில் படித்துத் தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு. எனவே அதை முதல் விண்ணப்பத்திலேயே வையுங்கள். நீங்களே எழுதி, ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் கொடுத்து, புரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

காலம்: குழுவின் முழு அமர்வுக்குப் போகும் விண்ணப்பம் கேள்வி, பதில், திருத்தம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். ஒப்புதல் பொதுவாக ஓராண்டுக்குத்தான் தரப்படும். முடியும் தேதியைக் குறித்து வைத்து, அதற்கு முன்பே நீட்டிப்பு கேளுங்கள். காலாவதியான நாட்களில் எடுத்த மாதிரி ஆய்வேட்டில் சேராது.

3. வாங்குதல்: பணம் எங்கே போகிறது

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிராம் தங்க குளோரைடில் (ஆய்வுக்கூடத்தில் குளோரோஆரிக் அமிலத்தை இப்படித்தான் சொல்வோம்) பாதி எடைதான் தங்கம். அதில் 0.01 விழுக்காட்டுக் கரைசலை 10 லிட்டர் செய்யலாம். ஒரு பட்டைக்கு ஏறத்தாழ 2.5 மைக்ரோகிராம் தங்கம் போகிறது என்றால், அந்த ஒரு கிராமில் கணக்குப்படி இரண்டு லட்சம் பட்டைக்குத் தங்கம் இருக்கிறது. முனைவர் பட்டம் முழுவதற்கும் ஒரு குப்பி தாராளம். அது அரிக்கும் பொருள் என்பதால் அனுப்புவதற்குத் தனிக் கட்டணம் சேரலாம். விலைப்புள்ளி வாங்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

ஆன்டிபாடிதான் செலவு. சாண்ட்விச் முறைக்கு (தங்கத்தில் ஏற்றிய ஓர் ஆன்டிபாடியும் கோட்டில் இட்ட இன்னொன்றும் புரதத்தை நடுவில் பிடிப்பது) ஒரே புரதத்தின் இரண்டு வேறு இடங்களைப் பிடிக்கும் இணை வேண்டும். 100 மைக்ரோகிராம் குப்பி மலிவாகத் தெரியும், ஆனால் வாங்காதீர்கள். பட்டைத் தாளில் ஆன்டிபாடிக் கோடு போடும் கருவியின் குழாயில் தேங்கும் அளவே அதைக் காலி செய்துவிடும். 1 மில்லிகிராம் குப்பியாகக் கேளுங்கள். மில்லிகிராம் கணக்கில் பார்த்தால் அதுதான் விலை குறைவு. வாங்கும் முன் விற்பனையாளரிடம் எழுத்தில் உறுதி கேட்க வேண்டியது ஒன்று: குப்பியில் பிஎஸ்ஏ (மாட்டுச் சீரப் புரதம்), கிளிசரால், அசைடு, டிரிஸ் எதுவும் இருக்கக் கூடாது. பிஎஸ்ஏ கலந்திருந்தால் உங்கள் ஆன்டிபாடிக்கு முன்பாக அது போய்த் தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

இணையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே நிறுவனத்தை நம்பாமல் இரண்டு மூன்று இணைகளுக்குப் பட்ஜெட் ஒதுக்குங்கள். எலைசாவில் (குழித்தட்டில் செய்யும் ஆன்டிபாடிச் சோதனை) நன்றாக வேலை செய்யும் இணை பட்டையில் படுத்துவிடுவது சாதாரணம். எலைசாவில் ஒரு மணி நேரம் ஊறுகிறது, பட்டையிலோ சில நொடிகளில் கடந்துபோகிறது. வேகமாகப் பிடிக்கும் ஆன்டிபாடி வேண்டும்.

அனுமதி: மனிதத் திசு, நோய்க்கிருமி சார்ந்த பொருட்களை இறக்குமதி செய்ய 2006-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி சுகாதார அமைச்சின் அனுமதி தேவை. எனவே நேர்மறைக் கட்டுப்பாட்டு மாதிரியாக வெளிநாட்டிலிருந்து நோயாளிச் சீரம் வாங்க நினைத்தால் பல வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள். விலங்கிலிருந்து வரும் சீரம், பிஎஸ்ஏ போன்றவற்றுக்கு என்ன தாள் வேண்டும் என்று உள்ளூர் முகவரிடம் கேளுங்கள். அதை அவரே எடுத்துத் தருவாரா என்பதையும் விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள். குளிர்பெட்டியில் வரும் பொருளை வியாழன், வெள்ளியில் வந்து சேரும்படி ஒருபோதும் அனுப்பச் சொல்லாதீர்கள். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி வாரங்களையும் தவிர்த்துவிடுங்கள். என் ஆன்டிபாடிப் பொட்டலம் ஒன்று நீண்ட விடுமுறையில் மாட்டி, உலர்பனி முழுக்கக் கரைந்த பிறகுதான் கைக்கு வந்தது. அந்தப் பணத்தைத் திரும்பப் பெற வழியே இருக்கவில்லை.

பல்கலைக்கழகக் கொள்முதலில் தொகை கூடக்கூட விலைப்புள்ளிகளும் கூடுதலாகக் கேட்பார்கள். எல்ஓ (கொள்முதல் ஆணை) வெளிவந்த பிறகுதான் முகவர் வெளிநாட்டுக்கு ஆர்டர் போடுவார். ஆண்டு இறுதியில் கணக்கு மூடும் நேரத்தில் எதுவும் நகராது.

4. தங்கம் காய்ச்சுதல்

குப்பியைத் திறந்ததும் முழுவதையும் 100 மில்லி தூய நீரில் கரைத்து 1 விழுக்காட்டுக் கரைசலாக்கி, அம்பர் பாட்டிலில் இருட்டில் வையுங்கள். இங்குள்ள காற்றில் தங்க குளோரைடு கண்ணெதிரே நீரை உறிஞ்சும். கொஞ்சம் கொஞ்சமாக எடை போட்டு எடுப்பது நடக்காது. உலோகக் கரண்டி படக் கூடாது.

கண்ணாடிக் கலன்களை ராஜதிராவகத்தில் கழுவ வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கு, நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு. ஃப்யூம் ஹூடுக்குள் (நச்சுப்புகையை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்பு) மட்டும். தேவைக்கு மட்டும் புதிதாகக் கலக்கவும். மீந்ததை மூடிய பாட்டிலில் வைத்தால் வாயு பெருகி வெடிக்கும். அசிட்டோன், எத்தனால் எதையும் அருகில் வைக்காதீர்கள். முதல் முறை தனியாகச் செய்யாதீர்கள், அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

அப்புறம் செய்முறை சிறியதுதான். 0.01 விழுக்காட்டுத் தங்கக் கரைசல் 100 மில்லியை நன்றாகக் கொதிக்கவிட்டு, வேகமாகக் கலக்கிக்கொண்டே 1 விழுக்காட்டு டிரைசோடியம் சிட்ரேட் 1 மில்லியை ஒரே தடவையில் ஊற்றுங்கள். வெளிர்மஞ்சள் போய் நிறமிழந்து, கருநீலமாகி, சில நிமிடங்களில் கடையில் ஊற்றித் தரும் சிராப் தண்ணீரின் சிவப்புக்கு வரும். இன்னும் பத்து நிமிடம் கொதிக்கட்டும். இந்த அளவில் ஏறத்தாழ 40 நானோமீட்டர் துகள் கிடைக்கும். சிட்ரேட்டை 2 மில்லியாக்கினால் துகள் 16 நானோமீட்டர் அளவுக்குச் சிறுக்கும். பட்டைக்கு 40 நல்லது. அதற்கு மேல் போனால் நிறம் கூடும், ஆனால் கரைசலின் நிலைத்தன்மை குறையும்.

சரி பார்க்க யூவி-விஸ் (ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவி) போதும். உச்சம் 525 நானோமீட்டர் அருகே, குறுகலாக இருக்க வேண்டும். 600-க்கு மேல் வால் நீண்டால் துகள்கள் திரண்டுவிட்டன, கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு வரிசை நீளம், கட்டணமும் உண்டு. ஒவ்வொரு தொகுப்புக்கும் அது தேவையில்லை. ஆய்வேட்டுக்கு வேண்டிய படங்களை ஒரே நாளில் எடுக்கும்படி முன்பதிவு செய்யுங்கள். கரைசலை 4 டிகிரியில் வைக்கலாம். உறையவிட்டால் முடிந்தது.

இன்னொரு வழி, 40 நானோமீட்டர் தங்கத்தை ஆயத்தமாகவே ஒரு பாட்டில் வாங்கி ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்வது. பட்டை வேலை செய்யாதபோது குறை தங்கத்திலா ஆன்டிபாடியிலா என்பதை அது உடனே காட்டிக்கொடுக்கும். அந்தச் செலவு வீண் அல்ல.

5. ஆன்டிபாடியைத் தங்கத்தில் ஏற்றுதல்

முதல் விதி: வெறும் தங்கத்தில் உப்பு படக் கூடாது. பிபிஎஸ் (உப்புள்ள தாங்கல் கரைசல்) சில சொட்டு விழுந்தாலே நீலமாகிவிடும். ஆன்டிபாடியை முதலில் 5 மில்லிமோலார் போரேட் போன்ற உப்புக் குறைந்த கரைசலுக்கு மாற்றுங்கள். தங்கக் கரைசலின் பிஎச் அளவைப் பொட்டாசியம் கார்பனேட் விட்டு 8.5 முதல் 9 வரை கொண்டுவாருங்கள். பிஎச் மின்முனையை நேரே தங்கத்தில் விடாதீர்கள், துகள் அதில் படிந்து மின்முனை கெடும். சிறிது எடுத்து பிஎச் தாளில் பாருங்கள்.

பிறகு உப்புச் சோதனை. பல சிறு குழாய்களில் 1 மில்லி தங்கம் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஆன்டிபாடியைக் கூட்டிக்கொண்டே போங்கள்: 0, 2, 4, 6, 8, 10 மைக்ரோகிராம். பத்து நிமிடம் கழித்து 10 விழுக்காட்டு உப்புநீர் 100 மைக்ரோலிட்டர் விடுங்கள். எந்தக் குழாயிலிருந்து சிவப்பு மாறாமல் நிற்கிறதோ அதற்குச் சற்று மேலான அளவுதான் உங்களுடையது. ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும், ஒவ்வொரு புதிய குப்பிக்கும் இதைத் திரும்பச் செய்யுங்கள். போன வருடத்து அளவை அப்படியே போடும் பழக்கம் பல ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது. பட்டை தொகுப்புக்குத் தொகுப்பு மாறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏற்றி முடித்ததும் பிஎஸ்ஏ 1 விழுக்காடு விட்டு துகளில் மிஞ்சிய வெற்றிடத்தை அடைத்துவிடுங்கள். சென்ட்ரிஃபியூஜில் 40 நானோமீட்டர் துகளுக்கு 4,000 முதல் 5,000 ஜி போதும். அவசரப்பட்டு 10,000-க்கு ஏற்றினால் அடியில் கருப்பாக ஒட்டிக்கொண்டு திரும்பக் கரையாது.

6. பட்டை: இங்கே எதிரி ஈரப்பதம்

மாதிரித் திண்டு, தங்கத் திண்டு, நைட்ரோசெல்லுலோஸ் தாள், உறிஞ்சும் திண்டு, எல்லாவற்றையும் தாங்கும் ஒட்டுப் பலகை. முதல் நான்கும் பலகையின் மேல் ஒன்றன்மேல் ஒன்று 2 மில்லிமீட்டராவது ஏறி உட்கார வேண்டும். இடைவெளி விட்டால் ஓட்டம் அங்கேயே நிற்கும்.

நைட்ரோசெல்லுலோஸ் தாளை, அதில் திரவம் 4 சென்டிமீட்டர் ஓட எத்தனை நொடி என்பதை வைத்துத்தான் விற்பார்கள். 90 முதல் 180 வரை வகைகள் உண்டு. மெதுவாக ஓடுவதில் உணர்திறன் கூடும், காத்திருக்கும் நேரமும் கூடும். மாதிரித் துண்டு இலவசமாகக் கேட்டால் பெரும்பாலான முகவர்கள் தருவார்கள். ஒரு சுருள் வாங்கும் முன் கேட்டுப் பாருங்கள்.

பினாங்கில் வெளிக்காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சுற்றியே இருக்கும். பட்டை வெட்டி ஒட்டும் அறையில் ஈரமுறிஞ்சி ஓட வேண்டும், சுவரில் ஈரப்பதமானி இருக்க வேண்டும். ஏர்கான் மட்டும் போதாது. இரவில் மின்சிக்கனத்துக்காக ஏர்கானை அணைக்கும் கட்டடம் என்றால் தாளை உலர்பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். கோடு போட்ட தாளை 37 டிகிரியில் உலர்த்தி, அலுமினிய உறையில் சிலிகா ஜெல்லோடு அதே நாளில் மூடுங்கள். "நாளைக்கு மூடலாம்" என்று மேசையில் விட்டது மறுநாள் மங்கலான கோடுதான் தரும். தங்கத் திண்டில் சுக்ரோஸ் சேர்ப்பது உலர்ந்த துகள் மறுபடி கரைந்து ஓடுவதற்காக. அதை விட்டால் தங்கம் திண்டிலேயே தங்கிவிடும்.

7. மாதிரிகளில் சோதித்தல்

முதலில் கரைசலில், பிறகு புரதம் கலந்த ஆரோக்கியமானவரின் சீரத்தில், கடைசியாக நோயாளி மாதிரியில். நடுப்படியைத் தாண்டாதீர்கள். கரைசலில் பளிச்சென்று வரும் கோடு சீரத்தில் காணாமல் போகும். நோயாளி மாதிரி அரியது, அதைச் சீராக்கும் வேலையில் வீணாக்கக் கூடாது.

எதிர்மறை மாதிரியாக ஆரோக்கியமானவர்களை மட்டும் எடுக்காதீர்கள். டெங்கிப் பட்டை என்றால் சிக்குன்குனியா, எலிக்காய்ச்சல், டைபாய்டு நோயாளிகளின் மாதிரி வேண்டும். மருத்துவர் பிரித்துப் பார்க்க வேண்டியது அவற்றிலிருந்துதான். முடக்குவாதக் காரணி உள்ள சீரமும் பொய்யான கோடு தரும், சிலவற்றைச் சேருங்கள். மிக அதிகப் புரதம் உள்ள மாதிரியில் கோடு மங்குவதும் உண்டு. அதனால் சந்தேகம் வந்தால் நீர்த்துப் பாருங்கள். கட்டுப்பாட்டுக் கோடு (பட்டை சரியாக ஓடியதைக் காட்டும் இரண்டாவது கோடு) வராத பட்டை செல்லாது. 15-ஆவது நிமிடத்தில் படித்துப் படமெடுத்து மூடிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தோன்றும் கோட்டுக்கு மதிப்பு இல்லை. படிப்பவருக்கு எது நோயாளி மாதிரி என்று தெரியக் கூடாது.

50 மாதிரியில் 50-ம் சரியாக வந்தாலும் அது 100 விழுக்காடு ஆகாது. 95 விழுக்காடு நம்பக வரம்பின் கீழெல்லை ஏறத்தாழ 93-தான். மாதிரி எண்ணிக்கையைப் புள்ளியியலாளரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

கெடாவிலிருந்து மாதிரி வாங்குகிறீர்கள் என்றால் அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கின் சனி, ஞாயிறோடு சேர்த்தால் இரு பக்கமும் ஆள் இருக்கும் நாட்கள் நான்குதான்.

8. கழிவு

2005-ஆம் ஆண்டுத் திட்டமிடப்பட்ட கழிவு ஒழுங்குமுறையில் பழைய அமிலத்தின் குறியீடு எஸ்டபிள்யூ 206, இரத்தம் பட்ட பட்டையின் குறியீடு எஸ்டபிள்யூ 404. தனித்தனிக் கலனில் தேதியோடு வையுங்கள். 180 நாளைத் தாண்டக் கூடாது. குளோராக்ஸ் ஊற்றிய கலனில் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

9. எம்டிஏ, காப்புரிமை

பட்டை ஆய்வேட்டோடு நின்றால் பதிவு வேண்டாம். விற்க வேண்டும் என்றால் 2012-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டத்தின் கீழ் சைபர்ஜெயாவில் உள்ள எம்டிஏ என்னும் மருத்துவக் கருவி ஆணையத்திடம் பதிய வேண்டும். அதற்கு முன்பே, பதிவில்லாத பட்டையை மருத்துவமனையில் செயல்திறன் சோதனைக்கு வைப்பதற்கும் எம்டிஏவுக்கு அறிவிப்புத் தர வேண்டும். நெறிமுறைக் கடிதமும் அதில் இணைப்பாகப் போகும்.

கருவிகள் ஏ முதல் டி வரை நான்கு வகுப்பு. இரத்த வங்கியில் எச்ஐவி பார்ப்பது டி. பி-யிலிருந்து மேலே எல்லாவற்றுக்கும் இணக்க மதிப்பீட்டு அமைப்பு ஒன்று வந்து கோப்பைச் சரிபார்க்க வேண்டும். அவர்களின் கட்டணம் அரசுக் கட்டணத்துக்கு மேல் தனி. தயாரிப்பு ஐஎஸ்ஓ 13485 தரமுறையில் நடக்க வேண்டும், நிறுவனத்துக்கு உரிமம் வேண்டும். உரிமம் மூன்றாண்டு, கருவிப் பதிவு ஐந்தாண்டு. இதெல்லாம் மாணவர் ஒருவர் தனியாகச் செய்யும் வேலை அல்ல. கூட்டு நிறுவனம் தேவை. ஆனால் அந்த நிறுவனம் கேட்கப்போகும் தரவை நீங்கள் இன்றே சேர்க்க முடியும்: மூன்று தனித் தொகுப்புகளின் முடிவுகள், ஒவ்வொரு பொருளின் தொகுப்பு எண், நம் பருவநிலைக்குரிய 30 டிகிரியில் வைத்துப் பார்த்த நிலைத்தன்மை. அதிக வெப்பத்தில் வைத்து விரைவுபடுத்தும் நிலைத்தன்மைச் சோதனை தற்காலிக மதிப்பீடுதான் தரும். உறையில் அச்சிடும் ஓராண்டு ஆயுளை உறுதிப்படுத்த ஓராண்டு காத்திருந்த தரவு வேண்டும். முதல் நல்ல தொகுப்பு கிடைத்த அன்றே ஒரு பங்கை எடுத்து அதற்காக ஒதுக்குங்கள்.

காப்புரிமை எண்ணம் இருந்தால் சுவரொட்டியோ கட்டுரையோ வெளியிடும் முன் பல்கலைக்கழகத்தின் புத்தாக்க அலுவலகத்தைப் பாருங்கள். மலேசியச் சட்டம் சொந்த வெளியீட்டுக்கு ஓராண்டு அவகாசம் தருகிறது, ஐரோப்பாவில் அந்தச் சலுகை கிடையாது. ஆய்வேடும் வெளியீடாகக் கணக்கில் வரும், எனவே நூலகத்தில் ஒப்படைக்கும் நாளிலேயே அதைச் சில காலம் மூடி வைக்கும்படி எழுதிக் கொடுங்கள். அந்தப் படிவத்தில் மேற்பார்வையாளரின் கையெழுத்தும் வேண்டும்.